அதே கடிகாரத்தில் எத்தனை முறை பார்த்தாலும்

வணக்கம் சார்,

நான் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். அறிவியல் செய்திகள் படிப்பது காலேஜ் நாட்களில் இருந்தே பழக்கம். இப்போது அலுத்துவிட்டது. 2011இல் நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒளியை முந்திவிட்டது என்றார்கள், சில மாதங்களில் இல்லை என்றார்கள். 2023இல் கொரியாவில் இருந்து அறை வெப்பநிலை மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்) என்று ஒன்று வந்தது, ஒரு மாதம்கூட நிற்கவில்லை. சக மதிப்பீடு என்று ஒன்று இருக்கிறதே, அது என்னதான் செய்கிறது? என் தம்பி இறுதியாண்டு பிராஜெக்ட்டுக்காக மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்து நிமோனியா இருக்கிறதா என்று சொல்லும் மாடல் ஒன்று செய்திருக்கிறான். 98 சதவீதம் சரியாகச் சொல்கிறதாம். அதையும் நம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், இப்போது என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வெளியில் இருந்து பார்க்கிற ஆள் ஒரு ஆய்வு முடிவை எதை வைத்துத்தான் நம்புவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தம்பியைச் சமாதானப்படுத்துங்கள் முதலில். பிராஜெக்ட் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

சக மதிப்பீட்டின் மேல் நீங்கள் வைத்திருக்கிற எதிர்பார்ப்பு கொஞ்சம் அதிகம். துறை தெரிந்த இரண்டு மூன்று பேர், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், தங்கள் சொந்த வேலைக்கு நடுவே கட்டுரையைப் படித்து, கணக்கு சரியா, வாதம் ஒட்டுகிறதா, முன்னால் வந்த வேலைகளைப் பார்த்திருக்கிறார்களா என்று சொல்வார்கள். அவ்வளவுதான். ஆய்வகத்துக்குப் போய் கருவியைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். அதோடு நீங்கள் சொன்ன இரண்டுமே சக மதிப்பீட்டுக்கு முன்பே, யார் வேண்டுமானாலும் படிக்கிற ஆர்க்கைவ் தளத்தில் போடப்பட்டவை. ஆகவே அந்தப் பழியை அவர்கள் தலையில் போட வேண்டாம்.

நியூட்ரினோ கதையைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பாதிதான் செய்தியில் வந்தது. ஜெனீவா பக்கத்தில் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வு மையம், அங்கிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில் ஒரு ஆய்வகம். அங்கே இருந்த ஓபரா என்ற கருவி, செர்னில் இருந்து பூமிக்குள்ளாகவே வருகிற நியூட்ரினோக்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. பயண நேரம் ஏறக்குறைய 2.4 மில்லி நொடி. ஒளி வந்திருக்க வேண்டிய நேரத்தைவிட 60 நானோ நொடி முன்னால் வருவதாகக் கணக்கு காட்டியது. மூன்று வருட அளவீடு, 16,000த்துக்கு மேல் நிகழ்வுகள், புள்ளியியல் சொல்கிற ஆறு சிக்மா உறுதி. வெறும் தற்செயலாக அப்படி ஒரு எண் வருவதற்கான வாய்ப்பு கோடியில் ஒன்றைவிடக் குறைவு. குழுவிலேயே சிலர் கையெழுத்துப் போட மறுத்தார்கள், மற்றவர்கள் எங்கே தப்பு என்று எங்களுக்குத் தெரியவில்லை, நீங்களும் பாருங்கள் என்று கேட்டுத்தான் வெளியிட்டார்கள்.

சந்தேகப்பட காரணம் உடனே கிடைத்தது. 1987இல் பக்கத்துக் குட்டி விண்மீன் மண்டலம் ஒன்றில் ஒரு நட்சத்திரம் வெடித்தபோது அதன் நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்னால் வந்தன, அதற்கும் காரணம் உண்டு, வெடிப்பின் ஒளி நட்சத்திரத்தின் மேற்பரப்பை உடைத்துக்கொண்டு வெளியே வர அவ்வளவு நேரம் ஆகும். ஓபரா சொன்ன வேகம் அந்த நியூட்ரினோக்களுக்கும் பொருந்தினால் அவை நாலு வருடம் முன்பே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். நவம்பரில் ஓபரா குழு சோதனையைத் திருப்பிச் செய்தது. செர்ன் இந்த முறை மிகக் குறுகிய துடிப்புகளாக அனுப்பியது, முந்தைய பகுப்பாய்வில் இருக்கலாம் என்று சொல்லப்பட்ட ஒரு பெரிய சந்தேகம் அடிபட்டுப் போனது. விடை? அதே 60 சொச்சம். செய்தித்தாள்கள் 'மறுசோதனையிலும் உறுதி' என்று போட்டன. ஆனால் திருப்பிச் செய்ததில் மாறாத ஒன்று இருந்தது, நேரத்தைக் கொண்டுவருகிற ஜி.பி.எஸ். இணைப்பு. அந்த ஒளியிழைக் கேபிளின் முனை முழுதாகத் திருகப்படாமல் இருந்தது. வெளிச்சம் குறைவாக உள்ளே போனதால் மின்னணுச் சுற்று தாமதமாக விழித்துக்கொண்டது, நியூட்ரினோ சீக்கிரம் வந்தது போலத் தெரிந்தது. கடிகாரத்தில் வேறொரு கோளாறும் இருந்தது, அது எதிர்த் திசையில், சின்ன அளவில்.

உங்களுக்கு இது புதிதாக இருக்காது. டெஸ்ட் பெட்டில் ஃப்ளோ மீட்டர் ஒன்று கூட்டிக் காட்டினால், அதே மீட்டரில் நூறு முறை ஓட்டினாலும் நூறு முறையும் கூட்டித்தான் காட்டும், ஒன்றுக்கொன்று அழகாக ஒத்தும் போகும். டேங்கில் பிடித்து எடை போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஆறு சிக்மா என்பது அந்த நூறு ரீடிங்கும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதைச் சொல்கிறது, மீட்டர் சரியா என்பதை அது சொல்லவே சொல்லாது.

கேபிள் எப்போதிலிருந்து அப்படி இருந்தது என்று கண்டுபிடித்த விதம் கெட்டிக்காரத்தனமானது. அதே குகையில் ஓபராவில் இருந்து சுமார் 160 மீட்டர் தள்ளி எல்.வி.டி. என்று இன்னொரு கருவி, வேறு ஆட்கள், வேறு வேலை. வானத்தில் இருந்து வருகிற மியூவான் துகள்கள் சில, மலையில் பாறை மெலிந்த பக்கமாகக் கிடைமட்டமாக நுழைந்து இரண்டு கருவிகளையும் தாண்டிப் போகும். ஒரே துகளை இரண்டு கருவியும் பார்த்த நேரத்தைக் கழித்துப் பார்த்தால் வருடா வருடம் ஒரே விடை வர வேண்டும். பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார்கள். 2008இன் நடுவில் இருந்து 2011 கடைசி வரைக்கும் மட்டும் விடை 73 நானோ நொடி தள்ளி இருந்தது. கேபிள் தளர்ந்த காலம் வெளிச்சமாகிவிட்டது. 2012இல் கிரான் சாஸோவில் இருந்த நாலு கருவிகளும் தனித்தனியாக அளந்தன, நாலும் ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போனது.

ஆக, 'திரும்பச் செய்து பார்த்தார்களா' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வேறு எதை வைத்து அளந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான், மற்றதெல்லாம் உதாரணம்.

அந்த இன்னொரு அளவுகோல் கையில் இருந்தும் அதை ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஹபிள் தொலைநோக்கி. 2.4 மீட்டர் ஆடி, அமெரிக்காவில் பெர்கின் எல்மர் நிறுவனம் தேய்த்தது. ஆடியின் வளைவைச் சோதிக்கும் முக்கியமான ஒளியியல் கருவியைப் பொருத்தும்போது லென்ஸ் ஒன்று 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட்டது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். தூரத்தை அளக்கும் கம்பியின் நுனியில் ஒளி பட்டுத் திரும்ப வேண்டும். கம்பிக்குப் போட்ட மூடியில் கறுப்புப் பூச்சு கொஞ்சம் உதிர்ந்திருந்தது, ஒளி மூடியில் பட்டுத் திரும்பியது. அளவு இடிக்கவே, லென்ஸைக் கீழே இறக்க வாஷர் கொடுத்துச் சமாளித்தார்கள். ஆமாம், நம்ம வாஷர்தான்.

அந்தத் தவறான கருவி சொன்னபடியே ஆடியைப் பிரமாதமாக மெருகேற்றினார்கள். விளிம்பில் சுமார் 2.2 மைக்ரோமீட்டர் அதிகமாகத் தேய்ந்து தட்டையாகிவிட்டது. தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு, அவ்வளவுதான், ஆனால் 1990 ஏப்ரலில் மேலே அனுப்பிய பிறகு வந்த படங்கள் எல்லாம் மங்கல். அப்புறம் விசாரணைக் குழு பார்த்தபோது தெரிந்தது, கட்டும்போதே வேறு இரண்டு சோதனைக் கருவிகள் ஆடியில் பிழை இருப்பதைக் காட்டியிருக்கின்றன. அவை துல்லியம் குறைந்தவை, ஆகவே பிழை அந்தக் கருவிகளில்தான் இருக்கும் என்று தள்ளிவிட்டார்கள்! துல்லியம் குறைந்த அளவுகோலுக்கு இவ்வளவு பெரிய தவறைக் காட்டத் துல்லியமே தேவையில்லை என்பது அந்த அவசரத்தில், பட்ஜெட் நெருக்கடியில் யாருக்கும் தோன்றவில்லை. நல்லவேளை, அந்தச் சோதனைக் கருவி கலைக்கப்படாமல் அப்படியே இருந்தது. பிழை எவ்வளவு என்று அதை அளந்தே கண்டுபிடித்து, அதற்கு நேர்மாறான வளைவில் சின்னச் சின்ன ஆடிகள் செய்து 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ப் பொருத்தினார்கள்.

இதற்கு நேர் எதிராக நடந்துகொண்டவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ராலே பிரபு, ஹபிளுக்கு நூறு வருடம் முன்னால். நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றில் இருந்து ஆக்சிஜனை நீக்கி எடுத்த நைட்ரஜன் ஒரு எடை. கொஞ்சம் அம்மோனியா கலந்து எடுத்தது ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவு. பலர் சராசரி போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இவர் வித்தியாசத்தைப் பெரிதாக்கினார். காற்றை விட்டுவிட்டு நைட்ரஜன் முழுவதும் அம்மோனியாவில் இருந்தே வருகிற மாதிரி செய்ததும் வித்தியாசம் இருநூறில் ஒரு பங்காக விரிந்தது. 1892இல் நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதினார், இது ஏன் என்று வாசகர்கள் யாராவது சொல்ல முடியுமா என்று. (வாசகர் கடிதம் எழுதுகிற நீங்கள் நல்ல பரம்பரையில்தான் இருக்கிறீர்கள்.) வேதியியலாளர் ராம்சே சேர்ந்துகொண்டார், சூடான மெக்னீசியத்தின் மேல் காற்று நைட்ரஜனைத் திரும்பத் திரும்ப ஓட்டி நைட்ரஜனை உறிஞ்சவைத்தார், எதோடும் சேராத ஒரு வாயு மிஞ்சியது. ஆர்கான். நாம் மூச்சிழுக்கும் காற்றில் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு. இதில் வேடிக்கை, 1785இலேயே கேவண்டிஷ் இதே மாதிரி ஒரு குமிழி மிஞ்சியதைக் குறித்து வைத்திருக்கிறார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1904இல் ராலேக்கு இயற்பியல் நோபல், ராம்சேக்கு வேதியியல் நோபல்.

கொரியா விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 104 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் மின்தடை சடாரென்று விழுந்ததுதான் பெரிய சாட்சியாகக் காட்டப்பட்டது. அந்த மாதிரியில் கலப்படமாக இருந்த செப்பு சல்ஃபைடு அதே வெப்பநிலையில்தான் வடிவம் மாறும், மாறும்போது தடையும் மாறும். டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் முதல் ஆட்களில் ஒருவராகச் செய்து பார்த்து இல்லை என்றது. ஜெர்மனியில் மேக்ஸ் பிளாங்க் நிறுவனம் கலப்படமே இல்லாத படிகம் வளர்த்துப் பார்த்தது, அது மின்சாரத்தைக் கடத்தவே இல்லை. நீங்கள் இதை அறிவியல் தோற்ற கதையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மாதத்தில் உலகம் முழுக்க ஆட்கள் சொந்தச் செலவில் சரிபார்த்து முடித்த வேலை வேறு எந்தத் துறையில் நடக்கிறது, சொல்லுங்கள். எரிச்சல் வர வேண்டியது முதல் நாளே 'கண்டுபிடிப்பு' என்று தலைப்புப் போட்டவர்கள் மேல்.

சரி, தம்பிக்கு வருவோம். 2018இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வு அவர் கட்டாயம் படிக்க வேண்டியது. எக்ஸ்ரேயில் நிமோனியா கண்டுபிடிக்கும் மாடல்களை ஒரு மருத்துவமனையின் படங்களில் பயிற்றுவித்து வேறு மருத்துவமனைப் படங்களில் சோதித்தார்கள், பல நேரம் திறன் இறங்கியது. ஏன் என்று கிண்டியபோது, படம் எந்த மருத்துவமனையுடையது என்பதை மாடல் கிட்டத்தட்ட தவறே இல்லாமல் சொல்லிவிடுகிறது. படத்தின் மூலையில் டெக்னீஷியன் வைக்கிற உலோகக் குறி போன்றவை போதும். ஒரு மருத்துவமனைப் படங்களில் மூன்றில் ஒருவருக்கு நிமோனியா, மற்றவற்றில் நூறில் ஒருவருக்கு என்று இருக்கும்போது, நுரையீரலைப் பார்க்காமலே ஆஸ்பத்திரியைப் பார்த்து நல்ல மார்க் வாங்கிவிடலாம்.

தம்பி எந்தப் படத் தொகுப்பை எடுத்தார் என்று நீங்கள் எழுதவில்லை. மாணவர்கள் பலரும் எடுப்பது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், சீனாவின் குவாங்சோவில் ஒரே மருத்துவமனையில் எடுத்த, ஒன்றில் இருந்து ஐந்து வயதுக் குழந்தைகளின் படங்கள். அதில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் படங்களில் நிமோனியா இருக்கிறது. எதையும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 'இருக்கிறது' என்று சொல்கிற மாடலே 73 சதவீதம் வாங்கும். அதனால் 98 என்பதை அந்த 73இல் இருந்து எண்ணுங்கள், பூஜ்யத்தில் இருந்து எண்ணாதீர்கள். ஒரே குழந்தையின் இரண்டு படங்களில் ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், இது ரொம்பப் பேர் கோட்டை விடுகிற இடம்.

அப்புறம் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 2017இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மார்பு எக்ஸ்ரேக்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதில் பெரும்பாலும் பெரியவர்கள் படம். மாடலை எதுவும் மாற்றாமல் அதில் ஓடவிடட்டும். எண் விழும், நன்றாகவே விழும். விழுந்த எண்ணை 98க்குப் பக்கத்துக் கட்டத்தில் அச்சடிக்கச் சொல்லுங்கள், கைடு முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஒன்று மட்டும், அந்தத் தொகுப்பில் எந்தப் படத்துக்கு என்ன நோய் என்ற குறிப்புகளை மருத்துவர்களின் அறிக்கைகளில் இருந்து மென்பொருள்தான் பிரித்தெடுத்தது, அவற்றிலும் பிழை உண்டு. விழுந்ததில் எவ்வளவு மாடலின் தவறு, எவ்வளவு குறிப்பின் தவறு என்று பார்க்க ஒரு நூறு படங்களையாவது தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் காட்டிக் கேட்க வேண்டியிருக்கும். அந்த மருத்துவரைத் தேடிப் பிடித்துத் தருகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி பேச ஆரம்பித்துவிடுவார்.