ஃப்யூஸுக்குப் பதில் கம்பி வைத்த மெக்கானிக்: பழைய டிவி என்றால் கேட்க உரிமை இல்லையா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய பிக்சர் டியூப் டிவியில் ஃப்யூஸ் அடிக்கடி போனது. பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். ஃப்யூஸை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். மறுபடி போனது. மறுபடி பணம் கொடுத்தேன், "இனிமேல் போகவே போகாது" என்றார்கள். அப்புறம் ஒருநாள் டிவிக்குள்ளிருந்து புகை வந்தது. வேறொரு மெக்கானிக் திறந்து பார்த்து, ஃப்யூஸ் இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருப்பதாகச் சொல்லிப் படமும் எடுத்தார். கடையில் கொண்டுபோய்க் கேட்டால், பழைய டிவிக்குக் கேரண்டி இல்லை, ரசீதிலேயே அச்சடித்திருக்கிறோம் என்கிறார்கள். மேலும் பணம் தந்தால்தான் டிவியைத் தருவார்களாம். நான் என்ன செய்யலாம்?

பதில்: டிவி பழையது என்பதால் உங்கள் உரிமை போய்விடாது. நீங்கள் கேள்வி கேட்பது டிவி தயாரித்த நிறுவனத்தை அல்ல, பணம் வாங்கிக்கொண்டு பழுதுபார்த்தவரை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவைக் குறைபாடு' என்பதற்குள் கவனக்குறைவும் அடங்கும். டிவிக்கு எத்தனை வயது என்பது அங்கே கேள்வியே இல்லை.

உங்கள் வழக்கின் உயிர் அந்தச் செம்புக் கம்பியில்தான் இருக்கிறது. ஃப்யூஸ் போவது நோய் அல்ல, அறிகுறி. உள்ளே எங்கோ அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது: ஏசி கரண்டை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம், பவர் சப்ளை டிரான்சிஸ்டர் போயிருக்கலாம், பிக்சர் டியூபைச் சுற்றியுள்ள காயிலோடு சேர்ந்த போசிஸ்டர் என்ற சிறு பாகம் கெட்டிருக்கலாம். முதல் தடவை ஃப்யூஸை மட்டும் மாற்றியதை நான் பெரிய தவறாகச் சொல்ல மாட்டேன், மின்னழுத்தம் ஒரு கணம் எகிறினாலும் ஃப்யூஸ் போகும். இரண்டாவது தடவையும் போன பிறகு காரணத்தைத் தேடாமல் விட்டது கவனக்குறைவு. கம்பியைச் சுற்றியது அதைவிட மோசம். தீப்பிடிக்காமல் தடுக்க இருந்த ஒரே காவலையும் எடுத்துவிட்டு, "போகவே போகாது" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். புகையோடு நின்றது உங்கள் நல்ல நேரம். இதைப் புகாரில் தயங்காமல் எழுதுங்கள்.

'பொறுப்பில்லை' என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. கேரண்டி இல்லை என்றால், சரிசெய்த பிறகும் வேறு பாகம் கெடலாம் என்று அர்த்தம் கொள்ளலாம். ஆபத்தான முறையில் வேலை செய்ய அது அனுமதி ஆகாது.

டிவியைப் பிடித்து வைத்திருப்பது தனி விஷயம். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170-இன்படி, தன் உழைப்பையோ திறமையையோ செலுத்திய பொருளை, அந்த வேலைக்கான கூலி வரும்வரை வைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. ஆனால் ஒப்படைத்த நோக்கப்படி வேலை நடந்திருக்க வேண்டும். நீங்கள் இரண்டு முறையும் பணம் கொடுத்துவிட்டீர்கள், புதிதாக வேலை எதுவும் சொல்லவில்லை. அப்படியானால் எந்தக் கூலிக்காகப் பிடித்து வைக்கிறார்?

எனக்குக் கவலை தருவது வேறு: முக்கியமான சான்று எதிராளியின் கையில் இருக்கிறது. கம்பியைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். ஆகவே இன்றே ஒரு நோட்டீஸ் எழுதி, ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். டிவியை உள்ள நிலையிலேயே திருப்பித் தர வேண்டும், எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது என்று தேதி குறித்துக் கேளுங்கள். இரண்டாவது மெக்கானிக்கிடம் அவர் பார்த்ததைக் கையெழுத்துடன் வாங்கிவிடுங்கள்; பின்னால் பிரமாண வாக்குமூலமாகத் தரச் சம்மதிப்பாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். டிவி திரும்பி வந்தால் நீங்களே திறக்க வேண்டாம், ஆன் செய்யவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். வழக்குக்கும் அது தொடப்படாமல் இருப்பதே நல்லது.

நோட்டீஸுக்குப் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசிப் பாருங்கள், சில கடைக்காரர்கள் அதிலேயே இறங்கி வருவார்கள். இல்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். டிவியை அப்படியே வைத்திருக்கும்படி இடைக்கால உத்தரவும் கேளுங்கள். ஆய்வகச் சோதனைக்கு ஆணையம் அனுப்பினால் அதன் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும். ஆகவே படமும் மெக்கானிக்கின் வாக்குமூலமும் வலுவாக இருக்கட்டும்.

எதைக் கேட்கலாம்? கொடுத்த கூலி, புகையால் கெட்ட பாகங்களைச் சரிசெய்யும் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. புது டிவியின் விலையைக் கேட்காதீர்கள், கிடைக்காது, மற்ற கோரிக்கைகளும் அதனால் பலவீனப்படும். "பாகம் கிடைக்கவில்லை, தற்காலிகமாகக் கம்பி வைக்கிறேன்" என்று அவர் முன்பே சொல்லி நீங்கள் சரி என்று தலையாட்டியிருந்தால், அதை மறைக்காமல் எனக்கு எழுதுங்கள். அப்போது என் பதில் மாறும்.