மூக்குச் சதை, காதில் நீர்: ஆபரேஷன் தேவையா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான், குறட்டை வேறு. கொஞ்ச மாதமாகக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. மூக்குக்குப் பின்னால் சதை, காதில் நீர், 3 மாதம் ஸ்பிரே அடித்தும் குறையவில்லை, ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். 'வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும், சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்து எதற்கு' என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: மாமியார் சொல்வதில் பாதி உண்மை. அடினாய்டு என்கிற அந்தச் சதை பதின்வயதுக்குள் தானாகவே சுருங்கிவிடும். ஆனால் பாடம் கேட்க வேண்டிய வயது அதுவரை காத்திருக்குமா? மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாக, படுத்தவாக்கில் இருக்கும். சதை அதை அடைத்தால் செவிப்பறைக்குப் பின்னால் கோந்து போல நீர் கட்டிக்கொள்ளும். கூப்பிட்டும் வரவில்லை என்று பையனைத் திட்டாதீர்கள் அம்மா. கேட்டால்தானே வருவான்!

3 மாதம் பொறுத்தும் நீர் வற்றவில்லை, காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் ஆடியோகிராமிலும் குறை தெரிகிறது என்றால் செய்துவிடுங்கள் என்பேன். சதையை வாய் வழியாகவே எடுப்பார்கள். வெளியே தையலோ தழும்போ இருக்காது. செவிப்பறையில் மிகச் சிறிதாகக் கீறி நீரை உறிஞ்சிவிட்டு, குரோமெட் என்ற குட்டிக் குழாயை வைப்பார்கள். பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் அது தானாகவே விழுந்துவிடும்.

மயக்க மருந்து பற்றிய பயம் நியாயமானதுதான். அதனால்தான் மயக்க டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது: வீசிங், சமீபத்திய சளி காய்ச்சல், குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு. 6 வயது என்பதால் ஆடும் பல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது அந்தப் பல் விழுந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். சாப்பாடு, பால் எல்லாம் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். பசிக்கிறதே என்று பாட்டி ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியதுதான்.

ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு வாரம் வாய் நாறும், குரல் கொஞ்சம் மாறும், பயப்பட வேண்டாம். ஆனால் தூங்கும்போது அடிக்கடி எதையோ விழுங்குகிறானா என்று பாருங்கள். தொண்டையில் வழியும் ரத்தத்தை விழுங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியிருந்தாலோ, மூக்கிலோ வாயிலோ புது ரத்தம் வந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

குழாய் இருக்கும்வரை சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் காதில் எண்ணெய் விடவே கூடாது. தலைக்கு ஊற்றும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வையுங்கள். சில வாரம் கழித்து இன்னொரு முறை ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள்.