140 கட்டுரைக்காரரா, 38 கட்டுரைக்காரரா?

கிளிநொச்சியிலிருந்து கேட்ட அம்மாவுக்கு,

மகள் இரசாயனவியல் பட்டம் முடித்து, பாய்மக் கலவைகளின் (திரவ, வாயுக் கலவைகளின்) வெப்ப இயக்கவியலில் கலாநிதிப் பட்டம் செய்ய வெளிநாட்டில் இரண்டு பேராசிரியர்களைப் பார்த்து வைத்திருக்கிறா. ஒருவருக்கு 140 கட்டுரை, மற்றவருக்கு 38. "140 உள்ளவரிட்டயே போகட்டும்" என்று நீங்கள் நினைப்பதில் பிழையில்லை. ஆனால் இந்தத் துறையில் எண்ணிக்கை லேசில் ஏமாற்றிப்போடும்.

துறை இதுதான்: 50 மில்லிலீற்றர் தண்ணீரையும் 50 மில்லிலீற்றர் எதனோலையும் கலந்தால் 100 வராது, ஏறக்குறைய 96 தான் வரும். கள்ளை எத்தனை தரம் வடித்தாலும் சாதாரண அமுக்கத்தில் எதனோல் திணிவின்படி 95.6 வீதத்தைத் தாண்டாது. இப்படியானவற்றை அளப்பவர்களும் இருக்கிறார்கள், சமன்பாடு கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

மகளை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலர் தளத்தில் இருவரின் பட்டியலையும் ஆண்டு வாரியாக அடுக்கி, தலைப்புகளை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கோ. அடர்த்தி, ஒலிவேகம் அளக்கும் தானியங்கிக் கருவி ஒரு கலவையைச் சில நாளில் முடித்துத் தரும். அதனால் 298.15 கெல்வினுக்கு (25 பாகை செல்சியஸ்) ஒரு கட்டுரை, 308.15க்கு (35 பாகை) இன்னொன்று, அற்ககோலில் ஒரு காபன் கூட்டி மூன்றாவது என்று துண்டு போடலாம். ஒரு சொல் மட்டும் மாறிய தலைப்புகள் வரிசையாக வந்தால் 140 சுருங்கிவிடும். ஆவி-திரவச் சமநிலை, அதாவது கலவையின் திரவத்திலும் அதன் ஆவியிலும் எது எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது, அப்படியல்ல. ஒரு புள்ளி நிலைக்கவே மணிக்கணக்கில் காத்திருக்க வேணும், ஒரு கலவைக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளாவது வேணும். அந்த வகையில் 38 என்றால் குறைவில்லை.

பிறகு ஆளுக்கு ஒரு கட்டுரையைத் திறந்து, மாதிரிகளின் தூய்மை அட்டவணையையும் அளவீட்டு ஐயப்பாட்டையும் (அளந்த எண் எவ்வளவு பிசகலாம் என்பதையும்) பார்க்கட்டும். 99.5 வீதத் தூய எதனோலை வைத்துக்கொண்டு அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 0.00001 கிராம் வரை சரி என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். மிச்சம் அரை வீதம் தண்ணீராக இருந்தாலே மூன்றாம் தசமம் மாறிவிடும். கருவித் திரையில் தெரிந்த இலக்கத்தை அப்படியே உண்மையென்று போட்டிருக்கிறார்கள். சமநிலைத் தரவென்றால் அளந்த எண்கள் வெப்ப இயக்கவியல் விதியோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் கிப்ஸ்-டியூஹெம் சோதனை செய்தார்களா என்றும் தேடட்டும்.

மேற்கோள் எண்ணிக்கையை வைத்து இருவரையும் ஒப்பிடாதீங்கோ. பாய்மத்தின் அமுக்கம், கனவளவு, வெப்பநிலையைத் தொடுக்கும், 1976 இல் வந்த பெங்-ராபின்சன் சமன்பாட்டை இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நல்ல அளவீட்டுக் கட்டுரைக்கு அந்தப் புகழ் வராது, அதன் எண்கள் தரவுத்தளத்துக்குள் போய் பொறியியலாளர் கையில் பாவனையில் இருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியம் ஆசிரியர் வரிசை. முதற்பெயர் பெரும்பாலும் வேலை செய்த மாணவருடையது, நட்சத்திரக் குறி பேராசிரியருக்கு. ஒரு மாணவரின் பெயர் மூன்று நாலு வருடத்தில் இரண்டு மூன்று தரம் முதலில் வந்திருக்கிறதா? அவர் இப்போது எங்கே வேலை செய்கிறார்? ஒரு கட்டுரையோடு காணாமல் போன பெயர்கள் பல இருந்தால் காரணத்தைப் பழைய மாணவர் ஒருவரிடமே மின்னஞ்சலில் கேட்க வேணும். கடைசி ஐந்து வருடத்தில் ஒன்றுமே இல்லையென்றால் ஓய்வு நெருங்கியிருக்கலாம். கட்டுரைகளை விளங்கிக்கொள்ள உதவி தேவைப்பட்டால் மொறட்டுவையிலும் பேராதனையிலும் இரசாயன, செயன்முறைப் பொறியியல் துறைகள் உண்டு.

பேராசிரியருக்கு எழுதும்போது ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் வேண்டாம். ஒரு கட்டுரை, அதில் ஒரு அட்டவணை, அதைப் பற்றி ஒரு கேள்வி போதும். "ஏன் இந்தத் துறை?" என்று கேட்டால் ஆனையிறவு உப்பளத்தைச் சொல்லலாம். பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் கல்சியம் காபனேற்றும் பிறகு ஜிப்சமும் படியும். உப்புநீரின் அடர்த்தி, அதை அளக்கும் போமே அளவுகோலில் ஏறக்குறைய 25 வந்த பிறகுதான் உப்பு விழும். மிஞ்சும் நீரை நேரத்துக்கு வடித்து விடாவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்புக் கசக்கும். அதுவும் கலவைக் கணக்குத்தான்.