குட்டிக்கும் கன்றுக்கும் மயக்க ஊசி: கால்நடை மருத்துவரிடம் கேட்டவை

மானூரிலிருந்து: டாக்டரய்யா, பரண்ல வளர்க்கிற தலைச்சேரிக் குட்டிக்கு எட்டு நாளாச்சு. கொம்புக் குருத்தைச் சுடணும். மரத்துப்போற ஊசி போட்டா குட்டி செத்துரும்னு பயங்காட்டுதாவ. நெசமா?

அளவு தப்பினால் சாகும், அதில் பொய்யில்லை. அதற்காக ஊசியே இல்லாமல் சுடுவது கொடுமை. மரத்துப்போக வைக்கிற லிக்னோகெய்ன் மருந்தை, குட்டியின் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குள் நிறுத்துவோம். குட்டி 3 கிலோ என்றால் 15 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் இருக்கும். ஆக மொத்தமே முக்கால் மில்லி. மாட்டுக்குப் போட்ட கைப்பழக்கத்தில் ஒரு கொம்புக்கு 2 மில்லி வீதம் ரெண்டுக்கும் ஏற்றினால் 80 மில்லிகிராம் உள்ளே போய்விடும், குட்டி வலிப்பு வந்து விழும். கன்றுக்குக் கொம்புக்கு ஒரு நரம்பை மரக்கடித்தால் பெரும்பாலும் போதும். ஆட்டுக்கு இரண்டு: கண்ணின் வெளியோரத்துக்குப் பின்னால் ஒன்று, உள்ளோரத்துக்கு மேலே ஒன்று. ரெண்டு கொம்புக்கும் நாலு குத்து. அதனால் முக்கால் மில்லியோடு அதே அளவு சலைன் கலந்து, ஒரு மில்லி சிரிஞ்சில் பிரித்துப் போடுவோம். சுடும் இரும்பையும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. குட்டிக்கு மண்டையோடு மெல்லிசு, சூடு மூளைக்கு இறங்கிவிடும். இதெல்லாம் டாக்டர் கையில் நடக்கட்டும்.

நாங்குநேரியிலிருந்து: எடை பார்க்க எங்க போவ?

குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். கண்ணளவு சந்தையில் விலை பேச ஆகும், ஊசிக்கு ஆகாது.

களக்காட்டிலிருந்து: பால்குடிக் கன்னுக்குத் தொப்புள்ல குடலிறக்கம். ஆபரேஷனுக்கு ஒரு நாள் பட்டினி போடச் சொல்லுதாவளே?

அது வளர்ந்த மாட்டுக்கு. அசைபோடுகிற வயிறு நிறைந்திருந்தால் உப்புசம் வரும், இரை எதுக்களித்து நுரையீரலுக்குள் இறங்கும். பால் மட்டும் குடிக்கிற கன்றுக்கு அந்த வயிறு இன்னும் வளரவில்லை. நாள் முழுக்கப் பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, மயக்கம் தெளியாமலே கிடக்கும். இரண்டிலிருந்து நாலு மணி நேரம் பால் நிறுத்தினால் போதும். புல் கடிக்கத் தொடங்கியிருந்தால் கணக்கு வேறு, டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திருநெல்வேலி பக்கத்து ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டலாம்.

வள்ளியூரிலிருந்து: சைலசின்ங்கிற மயக்க மருந்தை மெடிக்கல்ல வாங்கி நானே போட்டுக்கிடலாமா அண்ணாச்சி?

கூடாது. குதிரைக்குப் போகிற அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டைச் சாய்க்கும், ஆடு மாட்டை விடவும் தாங்காது. போட்டதும் நெஞ்சுத்துடிப்பு குறையும். பிஞ்சு உயிருக்கு ரத்த ஓட்டமே அந்தத் துடிப்பின் வேகத்தை நம்பித்தான். முறிக்க யோகிம்பின் மாதிரி மருந்து கையில் இல்லாமல் நான் அந்தக் குப்பியைத் திறக்கிறதில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து: ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா குட்டி வெடவெடன்னு நடுங்குது.

குளிர்தான். மயக்கத்தில் உடம்பு சூட்டைப் பிடித்துவைக்காது, ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். ஈரத் தரையில் கிடத்தாமல் சாக்கு விரித்து, சுத்தி வைக்கோல் அணைத்துவிடுங்கள். ஒருக்களித்துப் போடாதீர்கள். நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, எச்சில் வெளியே வடிகிற மாதிரி மூஞ்சியைத் தாழ்த்திவையுங்கள். தானாக எழுந்து நிற்கிற வரைக்கும் பால் கூடாது, புரையேறினால் பிழைக்காது. நின்ற பிறகு தாயிடம் விட்டுவிடலாம். நடுக்கம் நிற்காமல் காது சில்லிட்டுப்போனால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் போடுங்கள். எப்போது ஊசி போட்டது, குட்டி எத்தனை கிலோ என்று கேட்பார்கள், சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.