நான் எம்மாத்திரம்?

கேள்வி: ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அழைத்தால் 'என்னால் முடியாது' என்று விலகிவிடுகிறேன். வாசித்துவிட்டாலோ, மற்றவர்கள் என்ன நினைத்தார்களோ என்று வாரம் முழுவதும் அதே யோசனை. இது தாழ்மைதானா?

பதில்: இல்லை, அன்புச் சகோதரி. இரண்டு நிலையிலும் உங்கள் கண் உங்கள்மேலேயே இருக்கிறது.

யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து அழைத்துவரும்படி தேவன் அனுப்பியபோது, மோசே 'நான் எம்மாத்திரம்' என்றார். தேவன் மோசேயின் திறமைகளை எடுத்துச் சொல்லித் தேற்றவில்லை. 'நான் உன்னோடே இருப்பேன்' என்றார். திக்குவாய் என்றபோதும் பொறுத்தார். வேறு யாரையாவது அனுப்பும் என்றபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது (4:14). அப்போதும் ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார்! நீங்களும் ஒரு துணையைக் கேட்கலாம், அதில் வெட்கமில்லை.

சனிக்கிழமை மாலை பகுதியை நின்றுகொண்டு, சத்தமாக, மூன்று முறை வாசியுங்கள். கடினமான பெயர்களைப் பென்சிலால் பிரித்துக் குறியுங்கள். ஞாயிறு காலை, அதைக் கேட்கப்போகும் மூன்று பேருக்காகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள், பிறகே உங்களுக்காக. வரிசை மாறினால் ஜெபமும் பயத்தைச் சுற்றியே ஓடும்.

ஆராதனை முடிந்ததும் 'எப்படி இருந்தது?' என்று கேட்காதீர்கள். பலர் தவறுவது இங்கேதான்: பாராட்டு ஒரு நாள்தான் தாங்கும், அடுத்த வாரம் இன்னொன்று வேண்டும். அந்த நேரத்தில் தனியாக நிற்கும் ஒருவரிடம் போய் நலம் விசாரியுங்கள் (பிலிப்பியர் 2:4). தூக்கமே கெடுமளவு பயம் நீடித்தால் மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.