ஜான்பெனே வழக்கு: கடிதத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன்

தெரியாதவர்களுக்காகச் சுருக்கம். 1996 டிசம்பர் 26 விடியற்காலை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரம். பாட்ஸி ராம்ஸி என்ற பெண் காவல்துறையை அழைத்து, 6 வயது மகள் ஜான்பெனேயைக் காணவில்லை, மாடிப்படியில் பணம் கேட்டு ஒரு கடிதம் கிடக்கிறது என்றார். மதியம் 1 மணி வாக்கில் தந்தை ஜான் ராம்ஸி வீட்டின் நிலவறையில் குழந்தையின் உடலைக் கண்டார். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

நான் 26 வருடம் ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவள். திருத்திய காசோலை, போலி உயில், மொட்டைக் கடிதம், இவைதான் என் உலகம். ஆகவே கடிதத்தைப் பற்றிக் கேளுங்கள். ஒரே நிபந்தனை: உயிரோடு இருக்கும் யாரையும் பேர் சொல்லிக் கொலைகாரர் என்று எழுதாதீர்கள்.

கார்த்திக்: மேடம், அம்மாவின் கையெழுத்தும் கடிதத்தின் எழுத்தும் அப்படியே ஒத்துப்போகிறதே? இணையத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்களே.

இந்தக் கேள்வி முதலாவதாக வரும் என்று தெரியும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் ‘கொ’ எழுதும்போது என்ன செய்கிறீர்கள் என்று கவனித்ததுண்டா? பெரும்பாலோர் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். சிலர் அவசரத்தில் ககரத்தை எழுதிவிட்டுத் திரும்பிப்போய்க் கொம்பைச் சேர்ப்பார்கள். தாளில் பார்த்தால் இரண்டும் ‘கொ’தான். ஆனால் மை எங்கே எதன் மேல் ஏறியிருக்கிறது என்று உருப்பெருக்கியில் பார்த்தால் கை போன வழி தெரியும். எங்களுக்கு வேண்டியது அந்த வழிதான். எழுத்தின் வடிவம் பள்ளியில் கற்பித்தது, அது ஊருக்கே பொது.

இணையப் படங்களில் காட்டுவது வடிவத்தை மட்டும். அச்சில் வருவது போல மேலே வளைவு வைத்த ஆங்கிலச் சிறிய ‘a’ கடிதத்திலும் இருக்கிறது, அம்மாவின் எழுத்திலும் இருக்கிறது என்று வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த ‘a’ எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். ஒத்துப்போகிற இருபது எழுத்துகளைப் பொறுக்கி எடுத்து, ஒத்துப்போகாத முந்நூறைக் கத்தரித்துவிட்டால் உங்கள் எழுத்தையும் என் எழுத்தையும்கூட ஒன்றாக்கிவிடலாம்.

இனி வழக்குக்கு வருவோம். 2003-ல் அட்லாண்டாவில் ஒரு சிவில் வழக்கின் தீர்ப்பில் நீதிபதி ஜூலி கார்ன்ஸ் கணக்கை எழுதிவைத்திருக்கிறார். மூலக் கடிதத்தைப் பார்த்த நிபுணர்கள் ஆறு பேர். ஜான் எழுதவில்லை என்று விலக்கிவிட்டார்கள். பாட்ஸியை 1 முதல் 5 வரை உள்ள அளவுகோலில் 4 அல்லது 4.5-ல் வைத்தார்கள். இதில் 5 என்றால் ‘இவர் இல்லை’ என்று விலக்குவது. அதாவது விலக்கலுக்குப் பக்கத்தில், ஆனால் விலக்கல் இல்லை. ‘விலக்க முடியவில்லை’ என்பதை ‘அவர்தான்’ என்று படிப்பதில்தான் இத்தனை வருடச் சண்டையில் பாதி ஓடுகிறது.

இரவுப்பறவை: அப்படியானால் சாதாரண ஆட்களால் கையெழுத்தைக் கண்டுபிடிக்கவே முடியாதா? இது தொழில்காரர்களின் கர்வம் இல்லையா?

கர்வம் கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கணக்கும் உண்டு. 1997-ல் மோஷே காம் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். வேறு வேறு ஆட்கள் எழுதியதை ஒரே ஆள் எழுதியது என்று தொழில்காரர்கள் தவறாகச் சொன்னது சுமார் 6.5 சதவீத ஒப்பீடுகளில், மற்றவர்கள் சொன்னது சுமார் 38 சதவீத ஒப்பீடுகளில். எங்கள் 6.5-உம் பெருமைப்படும் எண் இல்லை. ஆனால் அந்த 38, ஒற்றுமையைத் தேடிப் போகிற கண்ணுக்கு ஒற்றுமைதான் கிடைக்கும் என்று காட்டுகிறது.

சங்கர்: குழந்தையின் வயிற்றில் இருந்த அன்னாசிப்பழம்! அதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

கடிதத்தில் அன்னாசி இல்லை தம்பி.

செல்வி: கடிதம் ஏன் அவ்வளவு நீளம் அக்கா? கடத்துகிறவன் நின்று நிதானமாக எழுதுவானா?

நல்ல கேள்வி. இரண்டரைப் பக்கம், ஏறக்குறைய 370 வார்த்தைகள். எழுதிய குறிப்பேடு வீட்டில் இருந்தது. ஸ்கெட்ச் பேனாவும் வீட்டிலேயே இருந்தது. அதே குறிப்பேட்டில் ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ்’ என்று தொடங்கி, அடுத்து ஒரு கோட்டோடு நின்றுபோன தாளும் கிடைத்தது. கடைசியில் கிடைத்த கடிதமோ ‘மிஸ்டர் ராம்ஸி’க்கு மட்டும். எனக்கு இந்த வழக்கிலேயே பிடிபடாத தாள் அதுதான். எழுத ஆரம்பித்துவிட்டு யாருக்கு எழுதுவது என்பதை ஒருவர் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

நீளம் எங்களுக்கு வரம். எழுத்தை மாற்றி எழுதுவது ஒரு கால் நொண்டுவது போல நடிப்பது மாதிரி. பத்தடி நடிக்கலாம், ஒரு மைல் முடியாது. மூன்றாம் பக்கத்துக்குள் பழைய கை திரும்பிவிடும். ஆனால் ஸ்கெட்ச் பேனா சாபம். பால்பாயிண்ட் தாளில் குழி பறிக்கும், எங்கே அழுத்தினார் எங்கே தூக்கினார் என்று தெரியும். ஸ்கெட்ச் மை பரவி அதையெல்லாம் மூடிவிடும்.

எழுத்துப்பிழையையும் கேட்பீர்கள். ‘பிஸினஸ்’ என்ற எளிய சொல்லில் ஓர் எழுத்து கூடுதல், ‘பொஸஷன்’ என்பதில் ஒன்று குறைவு. ஆனால் ‘அட்டஷே’ என்ற பிரெஞ்சுச் சொல் மேற்குறியோடு சரியாக வந்திருக்கிறது. வேண்டுமென்றே செய்த பிழை என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். இருக்கலாம். நன்றாகப் படித்தவர்கள் பதற்றத்தில் எளிய சொல்லில் தடுக்கி விழுந்ததையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாலாஜி: 1,18,000 டாலர் என்பது அப்பாவின் போனஸ் தொகையாமே?

கிட்டத்தட்ட அதே தொகை, ஆமாம். எழுதியவருக்கு அது தெரிந்திருக்கலாம் என்பது வரை போகலாம். வீட்டில் தாள்களைப் பார்த்தவர், அலுவலகத்தில் கேள்விப்பட்டவர் எல்லோரும் அந்த வலையில் வருவார்கள்.

ரமேஷ்: அண்ணன்தான் என்று டிவியிலேயே சொன்னார்களே மேடம்?

நிபந்தனையை மறுபடி படியுங்கள். அப்போது அவர் 9 வயதுப் பையன். சந்தேக நபர் இல்லை என்று 1999-லேயே அரசுத் தரப்பு சொல்லிவிட்டது. 2016-ல் அந்தத் தொடரை ஒளிபரப்பிய தொலைக்காட்சி மீது 75 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், 2019-ல் சமரசமானது. அடுத்த கேள்வி.

விக்கி: பெற்றோர் மேல் குற்றம் சாட்ட கிராண்ட் ஜூரி வாக்களித்ததே, அது போதாதா?

கிராண்ட் ஜூரி என்பது குற்றம் சாட்டலாமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு. 1999-ல் வாக்களித்தது. கொலைக்காக அல்ல, மரணத்தில் முடிந்த சிறார் கொடுமை, குற்றத்துக்குத் துணைபோனது ஆகியவற்றுக்காக. அரசு வழக்கறிஞர் அலெக்ஸ் ஹண்டர் கையெழுத்திடவில்லை. 2013-ல்தான் வெளியே தெரிந்தது. குற்றம் சாட்டக் கொஞ்சம் காரணம் போதும், தண்டிக்க நியாயமான சந்தேகம் எதுவும் இருக்கக் கூடாது. டிஎன்ஏ கேட்பவர்களுக்கும் இங்கேயே: உள்ளாடையில் அடையாளம் தெரியாத ஆணின் டிஎன்ஏ இருந்தது, 2008-ல் அரசு வழக்கறிஞர் மேரி லேஸி அதை வைத்துக் குடும்பத்தைக் குற்றமற்றவர்கள் என்றார். ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் டிஎன்ஏ கலந்த மாதிரியா என்று 2016-ல் வேறு நிபுணர்கள் கேள்வி எழுப்பினார்கள். மேற்கொண்டு டிஎன்ஏக்காரர்களைக் கேளுங்கள்.

சங்கர்: அன்னாசியை ஒதுக்குவது ஏன்? மேசையில் கிண்ணம், அம்மா, அண்ணன் கைரேகை, குழந்தையின் சிறுகுடலில் பழம். கொடுக்கவில்லை என்றார்கள் பெற்றோர். பொய்தானே?

நிலா: சங்கர் சார், செரிமானத்தை வைத்து மணிக்கணக்கு சொல்லவே முடியாது. பயந்தால் வயிறு நின்றுவிடும்.

சங்கர்: இரண்டு மணி நேரம் என்று மருத்துவர்களே சொல்கிறார்களே.

நிலா: எந்த மருத்துவர்? எந்தக் குழந்தைக்கு?

சரி, இறங்குகிறேன். நிலா சொல்வது சரி: செரிமான வேகம் ஆளுக்கு ஆள், மனநிலைக்கு மனநிலை மாறும், மணி சொல்லும் கடிகாரம் இல்லை. சங்கர் சொல்வதிலும் ஒரு உண்மை உண்டு: குழந்தை எப்போதோ அதைச் சாப்பிட்டிருக்கிறாள், பெற்றோர் அது தெரியாது என்றார்கள். ஆனால் கைரேகையில் தேதி கிடையாது. தன் வீட்டுக் கிண்ணத்தில் தன் கைரேகை இருப்பதில் என்ன அதிசயம்? பசித்த குழந்தை தானே எடுத்தும் தின்னும்.

சங்கர்: அப்படியானால் அம்மாவை விலக்க முடியாது.

முடியாது. இதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தேன்மொழி: மேடம், அம்மாவின் எழுத்து ஒத்துப்போகிறது என்று படித்தேன், உண்மையா?

மேலே கார்த்திக்குக்குச் சொன்னது.

அருண்: 2006-ல் ஒருவர் நானே செய்தேன் என்றாரே?

பாங்காக்கில் கைதானார். உடனே சில ‘கையெழுத்து நிபுணர்கள்’ தொலைக்காட்சியில் தோன்றி, கடிதத்தோடு பொருந்துகிறது என்றார்கள். அதற்கு முன் அம்மாவோடு பொருந்திய அதே கடிதம்! டிஎன்ஏ பொருந்தவில்லை, விட்டுவிட்டார்கள்.

மணி: என் உறவினர் ஒருவர் 90-களில் அந்த ஊரில் இருந்தார், அவர் எழுதிய கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பாருங்கள்.

திறக்கவில்லை, அழித்துவிட்டேன். அவரிடம் கேட்டுவிட்டா அனுப்பினீர்கள்? உண்மையிலேயே ஏதாவது இருந்தால் போல்டர் காவல்துறைக்கு எழுதுங்கள். கொலைக்குக் கொலராடோவில் காலவரம்பு கிடையாது.

ஹரி: அம்மா எழுத்து...

கார்த்திக்குக்குச் சொன்னது.

சங்கர்: கடைசியாக ஒன்று மேடம். அந்தக் கிண்ணத்தில் கிடந்த ஸ்பூன் ரொம்பப் பெரியதாக இருந்ததே...

வருகிறேன் சங்கர். நிலா, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.