வாடும் பயிரின் வேர்க்கசிவு

கேள்வி: மழை பொய்த்தால் கேழ்வரகின் வேர் மண்ணில் கசியவிடுவதை நிறுத்திக்கொள்ளுமா?
– வாசகர், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்

பதில்: உடனே நிறுத்துவதில்லை. பயிர்கள் எப்போதும் சர்க்கரைகளையும் அமினோ அமிலங்களையும் மாலிக், சிட்ரிக் போன்ற கரிம அமிலங்களையும் வேர்வழியே கசியவிடுகின்றன. மிதமான வறட்சியில், ஒளிச்சேர்க்கை குறைவதற்கு முன்பே வளர்ச்சி குன்றிவிடுவதால், செலவழியாத சர்க்கரை மிஞ்சி, ஒரு கிராம் வேருக்கான கசிவு பல பயிர்களில் கூடுவதுண்டு; வறட்சி கடுமையாகி இலைத்துளைகள் மூடிக்கொண்டால் அதுவும் குறையும். இதனினும் கவனிக்கத்தக்கது வேர்நுனி சுரக்கும் வழவழப்பான பசை: தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை ஏந்தும் அது, உங்கள் ஊர்ச் செம்மண் காயும்போது வேருக்கும் மண்துகளுக்கும் இடையே ஈரப்பாலமாக நிற்கிறது. முற்றிலும் உலர்ந்துவிட்டாலோ, அதே பசை (விந்தைதான்!) அடுத்து வரும் மழைநீரைச் சிறிது நேரம் ஒட்டவிடாமல் விலக்குகிறது.